துவக்குக்குப் பிடித்த ரவை

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கிற எங்கள் சனத்துக்கு நவம்பர் பிறந்தது நித்தியானந்தனின் இறைச்சிக்கடைக் கண்ணாடியைப் பார்த்துத்தான் தெரியும். 'மான் இருக்கு' என்று எழுதின கடதாசி மட்டை ஒன்று தொங்கும். ரெயினால் இறங்கி வருகிறவர்கள் மழைக்குள் குடையைச் சரித்து அந்த மட்டை இருக்கிறதா என்று எட்டிப் பார்ப்பார்கள். பிரட்டலுக்குத் தொடை, வத்தலுக்கு நெஞ்சுப் பக்கம், ரசத்துக்கு எலும்பு என்று அவரவருக்கு ஒரு கணக்கு. இந்த வருஷம் மாதம் பாதி கழிந்தும் மட்டை ஏறவில்லை.

"என்ன நித்தியண்ணை, மானெல்லாத்தையும் விசா இல்லையெண்டு திருப்பி அனுப்பிப்போட்டாங்களோ?" என்று கேட்டுக்கொண்டு உள்ளே வந்தார் யோகலிங்கம். அடுத்த தெருவில் பெற்றோல் ஷெட் வைத்திருப்பவர். வாய் ஓயாத மனுஷன்.

நித்தியானந்தன் ஆட்டுத் தொடையை மெஷின் வாளில் கொடுத்து அறுத்துக்கொண்டிருந்தார். மெஷினை நிற்பாட்டிவிட்டுத்தான் பதில் சொன்னார்.

"வரும் யோகு. செம்பு ரவை இன்னும் சரியா அமையேல்லை."

"ரவையோ? ஆடமாட்டாதவள் கூடம் கோணல் எண்டாளாம்! போன வருஷம் மட்டும் மான் தானா வந்து தலையைக் குடுத்ததே?"

கடையில் நின்ற இரண்டு பெண்கள் சிரித்தார்கள். நித்தியானந்தனும் சிரித்தார். சிரித்த வாய் மூடுவதற்கு முன்னமே அவருடைய கண் தன் வலது கைக்குப் போனது. கை மேசையில் பேசாமல் கிடந்தது. நடுங்கவில்லை. நடுங்கவில்லையென்று தெரிந்தபிறகும் இன்னொருக்கால் பார்த்தார்.

யோகலிங்கம் பகிடிக்குச் சொன்னது. ஆனால் அந்த மூன்று கிழமையும் நித்தியானந்தனைத் தின்றுகொண்டிருந்ததும் அதே கேள்விதான். கூடம் கோணலா, ஆடுகிறவன் கோணலா?

துவக்கு என்றால் எங்கள் பக்கத்தில் துப்பாக்கி. அதற்குள் போடுகிற தோட்டாவை ரவை என்போம். நித்தியானந்தனின் துவக்கு நோர்வேயிலிருந்து வந்தது. அது அவருடைய அண்ணர் சச்சிதானந்தனுடையது. அண்ணனும் தம்பியும் அகதியாய்ப் போய், நோர்வேயின் வடக்கு மூலையில் ஒரு மீன் பக்டரியில் கொட் மீன் வெட்டினார்கள். அங்கே இலை உதிர்காலம் வந்தால் பக்டரியே பாதி காலியாகிவிடும், எல்லாரும் வேட்டைக்குப் போய்விடுவார்கள். கூட வேலை செய்த வெள்ளைக்காரர் சச்சியண்ணையையும் கூட்டிக்கொண்டு போனார்கள், சச்சியண்ணை தம்பியைக் கூட்டிக்கொண்டு போனார். பிள்ளையின் படிப்புக்கென்று தம்பி லண்டனுக்கு வந்தார். அண்ணர் அங்கேயே இருந்து அங்கேயே செத்தார். துவக்கு தம்பிக்கு வந்தது.

ஒவ்வொரு துவக்குக்கும் ஒவ்வொரு ரவை பிடிக்கும். இதை விளங்காதவர்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். விலை கூடின ரவை நல்ல ரவை என்றில்லை. ஒரே கொம்பனி, ஒரே நாள், ஒரே அச்சில் செய்த இரண்டு துவக்கில் ஒன்றுக்குப் பின்லாந்து ரவை ஒத்துக்கொள்ளும், மற்றதுக்கு வயிற்றாலடிக்கும். சச்சியண்ணையின் துவக்குக்கு ஒரு சுவீடன் ஈய ரவைதான் பிடித்தம். நூறு யார் தூரத்தில் மூன்று வெடி வைத்தால் மூன்று ஓட்டையையும் ஒரு பவுண் காசால் மூடலாம். அந்தப் பெட்டியை விட்டு நித்தியானந்தன் வேறு பெட்டியைத் திரும்பியும் பார்த்ததில்லை.

இந்த வருஷந்தான் தலையிடி பிடித்தது. அவர் மான் சுடுகிற காணி எசெக்ஸில் ஹார்வுட் என்ற கமக்காரனுடையது. மான் கூட்டமாய் இறங்கிக் கோதுமைக் குருத்தைத் தின்கிறதென்று அவனுக்கு ஆற்றாமை. அவன் செப்டெம்பரில் சொன்னான், ஈயக் குண்டு இனி என்ர காணிக்குள் வேண்டாம், இறைச்சியில் ஈயம் தங்குதாம், செம்புக் குண்டு என்றால் வா என்று. நித்தியானந்தனுக்கும் அது நியாயமாய்ப் பட்டது. கடையில் வாங்குகிறது முழுக்கப் பிள்ளை குட்டிக்காரர். செம்பு ரவை வாங்கினார், ஒக்டோபர் கடைசியில் அவசரமாய் நாலு வெடி வைத்துப் பார்த்தார். கொஞ்சம் அகலமாய்த்தான் விழுந்தது, அந்த அகலத்தின் நடுவுக்குக் குறியைத் திருத்தினார். புதுச் சாமான், போகப் போகச் சரிவரும் என்று தன்னைத் தானே சமாளித்துக்கொண்டார். அங்கேதான் பிழைத்தது.

நவம்பர் முதற்சனி விடியற்புறம், வேலியோரம் ஒரு பெட்டைமான். நெஞ்சுக்குப் பிடித்த வெடி வயிற்றில் பட்டது. அது முன்னங்கால் மடிந்து, எழும்பி, பற்றைக்குள் பாய்ந்துவிட்டது. பனிக்குள் பற்றை பற்றையாய்த் தேடினார். மத்தியானம் ஹார்வுட்டின் நாய்தான் கண்டுபிடித்தது. அதுவரையும் அந்தச் சீவனுக்கு உயிர் இருந்திருக்கிறது. ஹார்வுட் சத்தம் போடவில்லை. "நித்தி, துவக்கைத் திருத்திக்கொண்டு வா. மாச முடிவு வரைக்கும் பார்ப்பேன், பிறகு வேறு ஆள்" என்றான். ஏசியிருந்தால் பரவாயில்லைப் போலிருந்தது.

அன்றையிலிருந்து நித்தியானந்தனுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிறும் புதனும் கடையை உதவிக்கு நிற்கிற பையனிடம் விட்டுவிட்டு, எம்-இருபத்தைந்து நெடுஞ்சாலையைத் தாண்டி, சுட்டுப் பழகுவதற்கென்று இருக்கிற வெடித்திடலுக்குத் தன் வான் வண்டியை விடுவார். தகரக் கொட்டில், சீமெந்து மேசை, மணல் மூட்டை, தூரத்தில் மண்ணணைக்கு முன்னால் கடதாசி இலக்கு. துவக்கை மூட்டையில் வைத்து, மூச்சைப் பாதி விட்டு, விசையை நுள்ளாமல் அமத்தவேண்டும். மூன்று வெடி. ரவை மாற்றுவதென்றால் குழலைத் துடைத்து, அந்த ரவையிலேயே இரண்டை வீணாய் விட்டு, பிறகு மூன்று. பின்லாந்து, செக், ஜெர்மன், அமெரிக்கன். பாரம் குறைந்த குண்டு, கூடின குண்டு. ஒரு வைத்தியனிடம் சரிவராமல் இன்னொரு வைத்தியனிடம் ஓடுகிற நோயாளி போலப் பெட்டி பெட்டியாய் மாற்றினார்.

எல்லாம் ஒரே விளையாட்டுத்தான் விளையாடின. குறியைத் திருத்தினால் முதல் வெடி சொன்ன இடத்தில் விழும். இரண்டாவது ஒரு விரல் தள்ளி விழும். மூன்றாவது மேலே ஏறும். நாலாவது எங்கே போகுமென்று கடவுளுக்குத்தான் தெரியும்.

இதுமட்டும் என்றால் மனுஷன் தாங்கியிருப்பார். ஆருக்கும் சொல்லாத ஒன்றும் இருந்தது. வெடி வைக்கத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் அவருக்குச் சந்தனம் மணக்கத் தொடங்கும்.

முதல் நாள் சும்மா விட்டுவிட்டார். இரண்டாம் நாள் கொட்டிலைச் சுற்றிப் பார்த்தார். வெள்ளைக்காரர் நாலு பேர், ஈரச் சப்பாத்து, வெடிமருந்துப் புகை, ஆரோ பிளாஸ்கில் கொண்டுவந்த கோப்பி. சந்தனத்துக்கு அங்கே என்ன வேலை? துவக்கை வீட்டில் வைத்து மேலிருந்து கீழ்வரை மோந்து பார்த்தார். எண்ணெய் மணம் மட்டுந்தான். அப்படியென்றால் மணம் வெளியே இல்லை, தலைக்குள்ளே இருக்கிறது.

சச்சியண்ணைக்கும் அப்படித்தான் தொடங்கியது. "டேய் நித்தி, எனக்கு நெடுக ஏதோ கருகிற மணம் வருகுதடா. வீட்டில ஒருத்தருக்கும் மணக்குதில்லையாம்" என்று போனில் சொல்லிச் சிரித்தார். பேந்து கை கொஞ்சம் நடுங்கினது. பேந்து ஸ்கான் எடுத்தார்கள். மூளைக்குள் கட்டி. அடுத்த கோடையை அவர் காணவில்லை. வைத்தியத்துக்குக் கொண்டுபோன ஒஸ்லோவில் பெட்டிக்குள் கிடந்த அண்ணரின் நெற்றியில் சந்தனம் பூசியது நித்தியானந்தன்தான். அந்தக் குளிர்ந்த நெற்றியில் ஒட்டாமல் சந்தனம் வழுகினது விரலுக்கு இன்னும் ஞாபகம்.

இப்போது அண்ணரின் துவக்கோடு அண்ணரின் நோயும் வந்துவிட்டது. அவர் அப்படித்தான் நம்பினார். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று வெளியே இருந்து சொல்வது சுகம். பயந்து கிடக்கிறவனுக்குத்தானே தெரியும்.

பக்கத்தில் நிற்கிறவனிடம் 'உனக்கு மணக்குதா' என்று ஒரு சொல் கேட்டால் முடிந்துவிடும். அந்தக் கேள்வி பலமுறை தொண்டை மட்டும் வந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால்? பிறகு அந்தப் பதிலோடு எப்படி வான் ஓட்டிக்கொண்டு வீட்டை போகிறது? கேட்காமலே இருந்தார். ஒரு நல்ல ரவை அகப்பட்டு, மூன்று ஓட்டை ஒரு காசுக்குள் விழுந்தால், தன்னில் பிழையில்லை என்று அர்த்தம். மணமும் வெறும் நினைப்பென்று ஆகிவிடும். அதனால்தான் பெட்டி பெட்டியாய் வாங்கினார்.

வீட்டில் ஜெயகௌரிக்கு இதில் பாதிதான் தெரியும். அந்தப் பாதியே அவளுக்குக் காணும்.

"இஞ்சருங்கோ, புட்டு ஆறுது. எத்தினை தரம் கூப்பிடுறது?"

"பசிக்கேல்லை கௌரி."

"பசிக்காது, பசிக்காது. அந்தக் கண்டறியாத துவக்கைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு இருந்தால் எப்பிடிப் பசிக்கும்?"

மான் இறைச்சி இல்லாததால் அன்று ஆட்டுப் பிரட்டல். அவர் புட்டைக் குழைத்துக் குழைத்து உருட்டினார், வாய்க்குக் கொண்டுபோகவில்லை. மகள் கோசிகா வேலையால் வந்த கோட்டோடேயே மேசையில் இருந்து சாப்பிட்டாள். அவள் கண்ணாடிக் கடையில் கண் சோதிக்கிற வேலை செய்கிறாள்.

"அப்பா, நான் ரெண்டு தரம் செக் பண்ணிட்டன். யுவர் ஐஸ் ஆர் ஃபைன். என்னை விட உங்களுக்கு நல்லா தெரியுது."

"அப்ப கண்ணில பிழையில்லை?"

"நோ, அப்பா. ஏன் நீங்கள் அதுக்குச் சந்தோசப்படாமல் மூஞ்சியை இப்பிடி வைச்சிருக்கிறீங்கள்?"

என்னத்தைச் சந்தோசப்படுகிறது? கண்ணில் பிழையென்றால் கண்ணாடி போடலாம். கண் சரியென்றால் மிஞ்சுகிறது என்ன? நித்தியானந்தன் பால் விடாத பிளேன்ரீக் கோப்பையை எடுத்தார். கோப்பை சோசரில் பட்டுக் கிணுகிணுத்தது. மேசை முழுக்க அந்தச் சத்தம் கேட்டமாதிரி இருந்தது. ஜெயகௌரி அந்தக் கோப்பையைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள்.

"நான் திங்கட்கிழமைக்கு டொக்டரிட்டை அப்பொயின்ட்மென்ட் எடுக்கிறன்" என்றாள்.

"என்னத்துக்கு?"

"கை நடுங்குது. சாப்பாடு இல்லை. ராத்திரியில புரண்டு புரண்டு படுக்கிறீங்கள். என்னத்துக்கெண்டு கேக்கிறீங்கள்!"

"அது குளிருக்கு. நாள் முழுக்க ஐஸ் றூமுக்குள்ள நிண்டு பாரும், உமக்கும் நடுங்கும். டொக்டர் ஒண்டை எழுதினால் அது பொலிசுக்குப் போகும். துவக்கு போகும், பேந்து வான் லைசென்சும் போகும். கடையை ஆர் பாக்கிறது?"

"நீங்கள் போனால் கடையை ஆர் பாக்கிறது?"

கேட்டுவிட்டு அவளே திடுக்கிட்டாள். வாயால் வரக்கூடாதது வந்துவிட்டதென்று சாமி அறைப் பக்கம் திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். சாமி அறையென்றால் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற அலுமாரிதான். பிள்ளையார், முருகன், நல்லூர்ப் படம், ஒரு மின்விளக்கு. ஒக்டோபரில் ஆயுத பூசைக்கு அந்த அலுமாரிக்கு முன்னால் வீட்டிலும் கடையிலும் உள்ள சாமான் எல்லாம் வரிசையாய் வரும். கத்திகள், கோடரி, வான் திறப்புக் கொத்து, கோசிகாவின் கண் பார்க்கிற லைட், கடைசியில் துவக்கு. நித்தியானந்தன் பெட்டகத்தைத் திறந்து தானே எடுத்து வந்து, பூசை முடியும்வரை பக்கத்திலேயே நிற்பார். முந்தியெல்லாம் துவக்குக்கு ஒரு பொட்டோடு சரி. இந்த வருஷம் மான் காலம் நல்லாய் அமையவேண்டுமென்று ஜெயகௌரி கத்திக்குச் செய்ததையெல்லாம் துவக்குக்கும் மனங்குளிரச் செய்தாள். மறுநாள் அவர் துணியால் துடைத்து, எண்ணெய் பூசி, உள்ளே வைத்துப் பூட்டினார்.

"ஒரே ஒரு பெட்டி பாக்கக் கிடக்கு" என்றார் அவர். "அதையும் பாத்திட்டு வாறன். பேந்து நீர் சொல்லுற இடத்துக்கு வாறன்."

அந்தப் பெட்டி புதுப் பெட்டியில்லை. பெட்டகத்தின் அடியில் கிடந்த பழைய சுவீடன் ஈய ரவை. துவக்குக்குப் பிடித்த ரவை. செம்பு துரோகம் செய்ததென்றால் ஈயம் காட்டிக்கொடுத்துவிடும். புதன்கிழமை அவர் அதைத்தான் சுட்டார்.

முதல் வெடி சொன்ன இடத்தில் விழுந்தது. இரண்டாவது ஒரு விரல் தள்ளி விழுந்தது. மூன்றாவது மேலே ஏறியது.

அவர் துவக்கை மேசையில் வைத்துவிட்டுக் கதிரையில் இருந்தார். மழை தகரத்தில் கொட்டிக்கொண்டிருந்தது. சந்தனம் மணந்தது, முந்தியைவிடக் கூடுதலாய். ரவைகளில் குற்றமில்லை. பாவம், பின்லாந்தும் செக்கும் ஜெர்மனியும் என்ன செய்யும்?

திடலைப் பார்க்கிற டெரிக் என்ற கிழவன் தேநீரோடு வந்தான். நல்ல மனுஷன், ஒவ்வொரு கிழமையும் அவர் படுகிற பாட்டைப் பார்த்துக்கொண்டிருப்பவன். "இன்னும் சரிவரவில்லையா? நான் ஒருக்கால் சுட்டுப் பார்க்கட்டா?" என்று கேட்டான்.

"வேண்டாம், வேண்டாம்" என்றார் நித்தியானந்தன். கேட்டவன் பின்வாங்குகிற அளவுக்குச் சத்தமாய் வந்துவிட்டது. டெரிக் சுட்டு மூன்றும் ஒரு காசுக்குள் விழுந்தால்? அதற்குப் பிறகு சொல்ல ஒரு சாட்டும் இல்லை. துவக்கை உறையில் போட்டுக்கொண்டு எழும்பிவிட்டார். அன்று அவர் ஏ-பதின்மூன்று றோட்டில் ஓரப் பாதையிலேயே மெள்ள மெள்ள ஓட்டி வந்தார். லொறிக்காரர் ஹோன் அடித்துத் திட்டினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை அவர் வானில் ஏறும்போது மற்றக் கதவு திறந்தது. ஜெயகௌரி ஏறி இருந்தாள். கம்பளிச் சால்வை, மகளின் பழைய மழைக்கோட்டு, மடியில் சாப்பிட ரோல்ஸ் பெட்டியும் பிளாஸ்கும்.

"எங்க போறீர்?"

"நீங்கள் போற இடத்துக்கு."

"அங்க சத்தமாயிருக்கும் கௌரி. உமக்குத்தான் வெடிச்சத்தம் ஏலாதே."

"ஏலாதுதான். உங்களைத் தனிய விட்டிட்டு வீட்டில இருக்கிறது அதைவிட ஏலாது. வானை எடுங்கோ."

அவர் எடுத்தார். வழி முழுக்க மழை. வைப்பர் மட்டும் போய்வந்துகொண்டிருந்தது. இன்றைக்கு என்னத்தைச் சுடுகிறது என்று அவருக்கே தெரியாது. முதலில் வாங்கி, முதலில் கழித்துவிட்ட பின்லாந்துச் செம்பு ரவையில் ஒரு பெட்டி மிச்சம் இருந்தது. அதைச் சுட்டுவிட்டு, ஹார்வுட்டுக்குப் போன் எடுத்து வேறு ஆளைப் பார்க்கச் சொல்வதென்று முடிவெடுத்திருந்தார். கடைசியாய் ஒருக்கால் அண்ணரின் துவக்கைச் சுட்டுவிடுகிற ஆசைதான் அது.

டெரிக் ஜெயகௌரிக்குக் கதிரை போட்டு, காதுக்குப் பெரிய மூடி கொடுத்தான். அவள் சால்வைக்கு மேலே அதை மாட்டிக்கொண்டு, முதல் வெடிக்கு முதலே கண்ணை இறுக்கி மூடிவிட்டாள். வாய் முருகா முருகா என்று அசைந்தது. ஒவ்வொரு வெடிக்கும் தோள் குலுங்கியது. எழும்பி ஓடவில்லை.

மூன்று வெடி. இன்னொரு மூன்று. குழல் தொடமுடியாத சூடு ஏறியது. நித்தியானந்தன் அடுத்த ரவையை ஏற்றும்போது வந்துவிட்டது அந்த மணம். கண்ணை இலக்கிலிருந்து எடுக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டார். அண்ணை, என்னை விடு அண்ணை.

முதுகில் கை தட்டுப்பட்டது. ரவையைக் கழற்றி, துவக்கைத் திறந்தபடி வைத்துவிட்டுத் திரும்பினார். ஜெயகௌரி காது மூடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மூக்கைச் சுருக்கி நின்றாள். வாய் ஏதோ சொன்னது. அவர் தன் மூடியைக் கழற்றினார்.

"என்ன சொன்னீர்?"

"இதென்னப்பா, இஞ்ச சந்தனம் மணக்குது?"

அவருக்கு விளங்கவில்லை. விளங்கியும் நம்பப் பயமாயிருந்தது.

"என்ன மணக்குது?"

"சந்தனம். பன்னீர் விட்டுக் குழைச்ச சந்தனம். எங்கட வீட்டுச் சாமான் மாதிரியெல்லோ கிடக்கு. இந்த வெள்ளையள் ஆர் சந்தனம் பூசிக்கொண்டு வாறது?"

"உமக்கும் மணக்குதோ?"

"ஏன், எனக்கு மூக்கில்லையோ?"

"கௌரி, வடிவாச் சொல்லும். மெய்யா மணக்குதோ? எனக்காகச் சொல்லாதையும்."

"விசரே உங்களுக்கு? மணக்காததை மணக்குதெண்டு நான் ஏன் சொல்லப்போறன்?"

நித்தியானந்தன் சீமெந்து மேசையைப் பிடித்துக்கொண்டு இருந்தவர் அப்படியே குனிந்து அழத் தொடங்கினார். சத்தம் வராமல் அழவேண்டுமென்று நினைத்தார், முடியவில்லை. பக்கத்து மேசைக்காரன் சுடுவதை விட்டுவிட்டுப் பார்த்தான். ஜெயகௌரி அவருடைய தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். "என்ன? என்ன செய்யுது? நெஞ்சு நோகுதோ? ஐயோ, சொல்லுங்கோவன்!" என்றாள்.

சொன்னார். சச்சியண்ணையின் கருகிய மணத்திலிருந்து, ஒஸ்லோப் பெட்டியிலிருந்து, இந்த மூன்று கிழமையும் ஆரையும் கேட்காமல் விழுங்கிய கேள்விவரை எல்லாம் சொன்னார். அவள் கேட்டுக்கொண்டே நின்றாள். கேட்டு முடிய அவர் தோளில் ஒரு அடி போட்டாள். மெய்யான அடி.

"இவ்வளவு நாளும் இதை வயித்துக்குள்ள வைச்சுக்கொண்டே படுத்தனீங்கள்? பக்கத்தில நான் என்ன தலாணியே? 'கௌரி, உமக்கு மணக்குதோ' எண்டு ஒரு சொல்லுக் கேட்டால் வாய் வெந்துபோமே?"

"நீர் இல்லையெண்டு சொல்லியிருந்தால்?"

அவள் சால்வை நுனியால் அவர் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

டெரிக் வந்தான். அவனும் மோந்தான், கோயிலுக்குள் போனமாதிரி இருக்கிறதே என்றான். குனிந்து துவக்கின் முன்பக்கத்தில் மூக்கை வைத்தான். பிறகு பர்ஸிலிருந்து ஒரு ஐந்து பவுண் தாளை எடுத்து, குழலுக்கும் கீழே இருக்கிற மரத்துக்கும் நடுவில் செருகி இழுத்தான். தாள் பாதி வழியில் நின்றுவிட்டது. குழல் மரத்தில் முட்டவே கூடாது. முட்டினால் சூடேறச் சூடேறக் குண்டு திசை மாறும். இது நித்தியானந்தனுக்கும் தெரிந்த பாடந்தான். இத்தனை வருஷமும் முட்டாத குழல் இனி முட்டுமென்று நினைக்கவில்லை.

திருகாணியைக் கழற்றி, மரத்தைப் பிரித்தார்கள். பள்ளத்தில் ஒரு பக்கமாய் மஞ்சளாய் ஒரு கட்டி, காய்ந்து கல்லாய் இறுகிக் கிடந்தது. அதன் நடுவில் கறுத்துப்போன செவ்வந்தி இதழ் ஒன்று. இந்த வருஷம் பன்னீர் கூடித் தண்ணியாய்ப்போன சந்தனம், மேலே வைத்த பொட்டிலிருந்து வழிந்து, இடுக்கால் இறங்கி, உள்ளே உறைந்திருக்கிறது. குழல் சூடானால் மட்டும் மணம் எழும்பியிருக்கிறது. நித்தியானந்தன் வெளியால் துடைத்தாரே தவிர உள்ளே பார்க்கவில்லை.

தோண்டி எடுக்க டெரிக் ஏதோ ஆயுதம் தேடினான். ஜெயகௌரி தாலிக்கொடியில் கொழுவியிருந்த சட்டை ஊசியைக் கழற்றி, "விடு, நான் எடுக்கிறன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டுக் குந்தி இருந்து சுரண்டத் தொடங்கினாள். சந்தனம் உதிர்ந்து அவள் நகத்துக்குள் ஏறியது. கடைசித் துகள் வரைக்கும் எடுத்தாள். ஐந்து பவுண் தாள் இந்த முறை தங்குதடையில்லாமல் போய்வந்தது.

பூட்டிக் குளிரவிட்டு, அதே பின்லாந்துச் செம்பு ரவையில் மூன்று வெடி வைத்தார். அவர் தூரக்கண்ணாடியில் பார்க்கவில்லை. டெரிக்தான் போய்க் கடதாசியைக் கழற்றிக்கொண்டு வந்து ஜெயகௌரியின் கையில் கொடுத்தான்.

"மற்ற ரெண்டும் எங்க?" என்றாள் அவள். மூன்று ஓட்டையும் ஒன்றோடொன்று முட்டி ஒரே ஓட்டையாய்க் கிடந்தது.

நித்தியானந்தன் வாய்விட்டுச் சிரித்தார். மூன்று கிழமைக்குப் பிறகு வயிறு பசித்தது. ரோல்ஸ் பெட்டியைத் திறந்து ஒன்றை டெரிக்குக்குக் கொடுத்து, தான் இரண்டை ஒன்றன்பின் ஒன்றாய்த் தின்றார். ஜெயகௌரி தின்னவில்லை. கடதாசியை மடியில் வைத்து அந்த ஓட்டையைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"என்ன?"

"அப்ப அந்தப் பெட்டைமான்... என்ர சந்தனத்தாலையே வயித்தில பட்டது?"

அவர் மென்றுகொண்டிருந்ததை விழுங்கினார். இல்லையென்று சொல்லலாம். சொன்னால் நம்பமாட்டாள்.

"நீர் நல்லதுக்கெண்டு பூசினனீர். வடிவாப் பாக்காமல் கொண்டுபோனது நான். நாலு வெடியில அகலமா விழேக்கையே எனக்குத் தெரியும், ஏதோ பிழையெண்டு. தெரிஞ்சுகொண்டுதான் போனனான்."

"மத்தியானம் மட்டும் உயிரோட கிடந்ததெல்லே?"

"ஓம்."

அவள் கடதாசியை நாலாய் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

திரும்பி வரும்போது நாலு மணிக்கே இருண்டுவிட்டது. மழை விடவில்லை. ஏ-பதின்மூன்றில் வான்கள் நெருக்கியடித்து நின்றன. ஹார்வுட்டுக்குப் போன் எடுக்கவேண்டும், ஆனால் வேறு செய்தி சொல்ல. யோகலிங்கத்தின் வாயை அடைக்கவேண்டும். மட்டையை மழைபடாத பக்கம் தொங்கவிடவேண்டும்.

"திங்கட்கிழமை டொக்டரிட்டைப் போறது போறதுதான்" என்றாள் ஜெயகௌரி இருட்டுக்குள்ளிருந்து. "சந்தனத்தைச் சொல்லித் தப்பேலாது. கோப்பை கிணுகிணுத்தது மெய்."

"ஓம். போவம்."

அவ்வளவு சுகமாய் ஓம் வருமென்று அவள் எதிர்பார்க்கவில்லை. திரும்பி அவரைப் பார்த்தாள். வான் சிவப்பு லைட்டில் நின்றது.

"கௌரி, ஒருக்காக் கையைத் தாரும்."

கொடுத்தாள். அவர் அவளுடைய விரல்களை மூக்கடியில் பிடித்து மணந்தார். பச்சை லைட் விழுந்து பின்னால் நின்றவன் ஹோன் அடித்த பிறகுதான் விட்டார்.

ஜெயகௌரி கையை மடிக்குத் திருப்பிக் கொண்டுபோனாள். கொஞ்சத் தூரம் போனதும், அவர் கேட்காமலே, அந்த விரல்களைத் தன் மூக்கிலும் வைத்துப் பார்த்தாள்.

"ஓம்" என்றாள். "எனக்கும் மணக்குது."